வேரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்: இலையில்லா ஆர்க்கிட் வளர்ப்பும் பெருக்கமும்

எங்கள் தோட்டத்து வீட்டின் கிழக்குத் தாழ்வாரத்தில் 11 புளியங்கட்டைகள் கம்பியில் தொங்குகின்றன. காய்ந்துபோன சந்தகையைப் பரப்பிவிட்டதுபோல் ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிற வேர்கள் ஓடியிருக்கும். இலை கிடையாது, தண்டு இருக்கிற இடம்கூடச் சட்டென்று தெரியாது. வீட்டுக்கு வருகிற ஒறம்பரைகள் எல்லோரும் "ஏனுங்க, செத்த செடியை எதுக்கு இத்தனை பத்திரமாத் தொங்கவிட்டிருக்கீங்க" என்றுதான் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை, ஒரு கட்டையின் மேல் தண்ணீர் தெளிப்பேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் வேர் பச்சையாக மாறிவிடும்.

அந்த நிறமாற்றம் புரிந்துவிட்டால் இந்தச் செடியில் பாதி புரிந்த மாதிரி. வேரைச் சுற்றி வெலமென் என்று ஒரு உறை இருக்கிறது, உயிரில்லாத செல்களால் ஆன பஞ்சு. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிரம்பி வெள்ளி நிறமாகத் தெரியும். நனைந்ததும் கண்ணாடிபோல் ஆகி உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். மற்ற செடிகளில் இலை செய்கிற வேலையை இங்கே வேரே செய்கிறது. அதனால் வேரை மண்ணில் புதைத்தால், பாசியில் மூடினால், தொட்டிக்குள் வைத்தால், இலையை இருட்டறையில் பூட்டிவைத்ததற்குச் சமம். நான் வாங்கிய முதல் செடியை அப்படித்தான் தேங்காய் நார் நிரப்பிய தொட்டியில் வைத்தேன். ஆர்க்கிட் என்றால் நார்த்தொட்டி என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்தது. 5 வாரத்தில் அத்தனை வேரும் வெந்த மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும்போல இந்தச் செடிகளும் கரியமில வாயுவை இரவில்தான் அதிகம் எடுத்துக்கொள்கின்றன. அதை அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் வெளிச்சம் வந்த பிறகு உணவாக மாற்றும். இலையில் இருப்பதுபோல் திறந்து மூடுகிற துளைகள் வேரில் கிடையாது, அந்தப் பஞ்சு உறை வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். உறை ராத்திரி முழுக்க தண்ணீரில் ஊறிக் கிடந்தால் காற்று எப்படிப் போகும்? பட்டினி கிடந்து, அப்புறம் அழுகும். விடியற்காலை நனைந்து பொழுதிறங்குவதற்குள் காய வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எந்தச் செடி, எங்கிருந்து

இலையில்லா ஆர்க்கிட் என்பது ஒரே செடியின் பெயர் இல்லை. முதலில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, காட்டுத் தரையில் மக்கிய இலைகளுக்கு நடுவே பூ மட்டும் கிளம்பி வருவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எபிபோஜியம், அஃபைலார்க்கிஸ் போன்றவை அப்படி. அவற்றுக்குப் பச்சையமே இல்லை, மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சையிடமிருந்துதான் முழுச் சாப்பாடும். அந்தப் பூஞ்சையையும் அது வாழும் மண்ணையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, ஆகவே அவற்றை வளர்க்கும் ஆசையே வேண்டாம். இரண்டாவது வகை, மரக்கிளையில் ஒட்டி வேரால் பச்சையம் செய்பவை. நாம் பேசுவது இவற்றைத்தான். இவை புல்லுருவி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது, நிற்க இடம் மட்டும்தான் கேட்கும்.

இந்த இரண்டாவது வகையில் உலகத்தில் பேர்போனது ஃபுளோரிடாவிலும் கியூபாவிலும் சதுப்புக்காட்டு மரங்களில் இருக்கும் பேய் ஆர்க்கிட், டென்ட்ரோஃபைலாக்ஸ் லிண்டெனி. படம் பார்த்துவிட்டு எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். சதுப்பின் ஈரக்காற்றிலேயே இருந்து பழகிய செடி அது, நம் பங்குனி மாதத்துப் பகல் காற்றில் திறந்த தாழ்வாரத்தில் தாங்காது. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் மைக்ரோசீலியா உண்டு. நம் மலைகளிலும் இலங்கையிலும் கைலோஸ்கிஸ்டா, டீனியோஃபில்லம் இரண்டும் இருக்கின்றன. டீனியோஃபில்லம் என்றால் கிரேக்க மொழியில் நாடா இலை என்று அர்த்தம். பெயரில் இலை இருந்தாலும் மரப்பட்டையில் நாடாபோல் தட்டையாக ஒட்டிக்கிடப்பது வேர்தான். அதன் பூ சில மில்லிமீட்டர்தான் இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும்.

முதல் செடிக்குக் கைலோஸ்கிஸ்டாதான் சரி, அதிலும் தாய்லாந்துப் பக்கத்துக் கைலோஸ்கிஸ்டா லுனிஃபெரா, பாரிஷி, விரிடிஃப்ளாவா போன்றவை. நர்சரிகளில் விதையிலிருந்து குடுவையில் வளர்த்த கன்றுகளாகக் கிடைக்கின்றன, நம் சூட்டையும் தாங்குகின்றன. பாரிஷியின் மஞ்சள் பூவில் செம்பழுப்புப் புள்ளிகள். ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய அளவுதான், ஆனால் சரமாகத் தொங்கும்.

வால்பாறைக்கும் டாப்சிலிப்புக்கும் போய்வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். காட்டிலிருந்து எடுக்காதீர்கள். காற்றில் முறிந்து ரோட்டில் கிடக்கிற கிளையில் ஒட்டியிருந்தாலும் எடுக்காதீர்கள். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் ஒரு செடியை எடுத்தால் அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், எடுத்தால் பிழைக்கவும் பிழைக்காது. பட்டையில் ஒட்டிய வேரைப் பிய்க்கும்போது பாதி வேர் பட்டையோடு போய்விடும், மிச்சம் மெல்லச் சாகும். ஆர்க்கிட் குடும்பம் முழுக்க, அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இருப்பதால் வெளிநாட்டுச் செடி என்றால் அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றும் இருக்க வேண்டும், விற்பவரிடம் கேளுங்கள், கேட்பது நம் உரிமை.

காட்டுச் செடியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வேர் நுனிகள் பிய்ந்து பழுப்பாக இருக்கும், வேரோடு காட்டுப் பட்டைத் துண்டும் மரக்காளானும் ஒட்டியிருக்கும், ஒரே கூடையில் பெரிதும் சிறிதுமாக ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வயதில் இருக்கும். குடுவைக் கன்று என்றால் எல்லாம் ஒரே அளவு, வேர் நுனி பச்சையாகவோ சிவந்தோ உயிரோடு இருக்கும். ஒரு மலர்க் கண்காட்சியில் ஈரநாரில் சுற்றி 3 செடி கொடுத்தார்கள், நர்சரிச் செடி என்றார்கள், வீட்டுக்கு வந்து பிரித்தால் மூன்றிலும் பிய்த்த வேர். இரண்டு போய்விட்டது. அன்றிலிருந்து வேர் நுனியைப் பார்க்காமல் காசு எடுப்பதில்லை.

சேலம் பக்கம் இருப்பவர்கள் ஏற்காட்டில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். மரத்தில் ஒட்டிய ஆர்க்கிட் எப்படி நிற்கிறது, வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் நான் எழுதுவதைவிட அதிகம் விளங்கும்.

கட்டை

வெளிநாட்டில் கார்க் பட்டை என்கிறார்கள், நமக்கு அது தேவையே இல்லை. புளியங்கிளை போதும். பட்டை சொரசொரப்பு, உரியாது, பல வருஷம் உளுக்காது. மணிக்கட்டு கனத்தில் ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து மறுபடி காயவையுங்கள். மா, சப்போட்டா கிளையும் பரவாயில்லை. வால்பாறை, ஏற்காடு பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் கழித்துப்போட்ட காப்பிச் செடிக்கட்டை கேட்டு வாங்குங்கள், அருமையாக இருக்கும். கொய்யாவும் தைலமரமும் வேண்டாம், பட்டை உரிந்து விழும்போது செடியும் சேர்ந்து விழும். பெயின்ட் அடித்தது, கரையான் மருந்து பூசியது எதுவும் வேண்டாம்.

பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தேங்காய் மட்டைதான் முதலில் கைக்கு வரும், எனக்கும் அப்படித்தான். ஆனால் மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உப்பும் கொஞ்சம் இருக்கிறது, இரண்டு மூன்று வருஷத்தில் இற்றுப்போகிறது. இற்றுப்போனால் செடியை இடம் மாற்ற வேண்டும், இந்தச் செடி வாழ்நாளில் சகிக்காத ஒன்று இடமாற்றம்தான். ஒருமுறை ஒட்டினால் ஒட்டினதுதான். அதனால் கட்டையைத் தேர்வு செய்யும்போதே பத்து வருஷத்துக்கு யோசியுங்கள்.

கட்டுவதற்கு வெள்ளைப் பருத்தி நூல் நல்லது. வேர்களை அதன் போக்கிலேயே கட்டையின் மேல் பரப்பி, நடுவில் இருக்கும் சின்னக் குருத்துப் பகுதி தண்ணீர் தேங்காதபடி பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்குமாறு வைத்து, நான்கைந்து இடத்தில் சுற்றுங்கள். வளரும் பச்சை நுனிமேல் நூல் படக்கூடாது, அங்கே நசுங்கினால் அந்த வேர் நின்றுவிடும். இறுக்கமாக இருக்க வேண்டும், ஆட்டினால் செடி ஆடக்கூடாது, ஆடுகிற செடியில் புதுவேர் பட்டையைப் பிடிக்காது. அடியில் பாசி வைக்கிறார்கள் சிலர், நான் வைப்பதில்லை. ஈரோடு, கரூர் மாதிரி வறண்ட இடமாக இருந்தால் மட்டும் குருத்தைத் தொடாமல் ஓரமாக ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கள். நூல் இற்றுப்போகும் காலத்துக்குள் வேர் தானாகப் பிடித்திருக்கும்.

வீட்டுவாசலில் சப்போட்டா மரமோ மாமரமோ இருந்தால் நேராக அதன் தண்டிலேயே கட்டலாம். கிழக்கு முகத்தில், கண் உயரத்தில், காலை வெயில் இலைகளுக்கு நடுவே சிதறி விழும் இடமாகப் பாருங்கள். என் செடிகளில் நன்றாக இருப்பவை இரண்டும் மாமரத்தில்தான் இருக்கின்றன, உயிருள்ள மரத்தின் ஈரமும் நிழலும் கட்டையில் வராது. மாமரத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

வெளிச்சம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் நிழல்வலை. 50 சதவீத வலை தாழ்வாரத்துக்குப் போதும், மொட்டைமாடி என்றால் 75. வேரில் சிவப்பு கலந்த ஊதா நிறம் அதிகமாகப் படர்ந்தால் வெயில் கூடிப்போச்சு. நனைத்த பிறகும் கரும்பச்சையாக, மெலிந்து, நீள நீளமாக ஓடினால் வெளிச்சம் பத்தவில்லை.

தண்ணீர்

கொங்குநாட்டில் இந்தச் செடி சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். அதுவும் இரண்டு விதமாக.

முதலாவது உப்பு. நம் வீடுகளில் உப்புத்தண்ணி, நல்லதண்ணி என்று இரண்டு குழாய் இருக்கிறது இல்லையா, அதில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத்தண்ணியை இந்தச் செடிமேல் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1000 தாண்டிய கிணறுகள் நம் பக்கம் சாதாரணம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அந்தப் பஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும், தினம் தினம் சேர்ந்து வேர் நுனி கருகும். நான் ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் வெளியூர் போயிருந்தபோது எங்கள் அம்மா பாசத்தோடு காலையும் மாலையும் போர்த்தண்ணி அடித்திருக்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், ஆனால் 6 செடிகளில் நுனி வேர் எல்லாம் கறுத்துப்போய் அந்த வருஷம் ஒன்றும் பூக்கவில்லை. இப்போது மழைத்தண்ணீர் டிரம்மில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மழைத்தண்ணீர்தான் முதல்தரம். முதல் மழையை ஓடுகளைக் கழுவவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். கொசு முட்டை வைக்காமல் துணிகட்டி மூடுங்கள். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றினால் போதும். ஆர்ஓ இயந்திரத்தின் நல்ல தண்ணீரும் சரிதான். ஆர்ஓ கழிவுத்தண்ணீர் கூடவே கூடாது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், 100-க்குக் கீழே இருந்தால் கவலையில்லாமல் ஊற்றலாம்.

இரண்டாவது, நேரம். காலையில் சூரியன் வந்ததும் கட்டை முழுக்க நனைகிற மாதிரி தெளியுங்கள். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை. காய்ந்த பஞ்சு முதல் தடவையில் தண்ணீரை வழியவிடும், இரண்டாவது தடவைதான் உறிஞ்சும். வேர் முழுதும் பச்சையானால் போதும், நிறுத்துங்கள். நடுப்பகலுக்குள் மறுபடி வெள்ளி நிறம் வந்துவிட வேண்டும். பொழுதோட போய்ப் பார்க்கும்போதும் பச்சையாகவே இருந்தால் நாளைக்குத் தண்ணீர் கிடையாது, அல்லது கட்டையைக் காற்று வருகிற இடத்துக்கு மாற்ற வேண்டும்.

மாதக் கணக்கு இப்படி வரும். மாசி, பங்குனி, சித்திரையில் தினமும் காலை ஒருமுறை, வெயில் 37, 38 என்று ஏறும் நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு லேசாக இன்னொருமுறை. அந்த மாதங்களில் கட்டைகளுக்கு அடியில் மணல் பரப்பிய தட்டோ ஈரச்சாக்கோ போட்டுவைப்பேன், காற்று கொஞ்சம் குளிரும். அதற்கு உப்புத்தண்ணி போதும், செடிமேல் படாது. கரூர், ஈரோட்டில் 40 டிகிரி தொடுகிற நாட்களில் மொட்டைமாடியிலிருந்து இறக்கி வீட்டின் வடக்குப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்தால் ஜாக்கிரதை. பொள்ளாச்சிப் பக்கம் சாரலும் சேர்ந்தே வரும், ஈரமாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம், ஆனால் சாரல் படாத தாழ்வாரத்தில் அந்தக் காற்று அரை மணி நேரத்தில் கட்டையை உலர்த்திவிடும். அப்போது காலையில் தெளிப்பதை இன்னும் நிதானமாக, மூன்று தடவையாகச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மழை பிடித்தால் நேர்மாறாக மழைபடாத இடத்துக்கு நகர்த்தி, தேவைப்பட்டால் சின்ன மின்விசிறி வைத்துக் காயவிட வேண்டும். மார்கழி, தையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். தாய்லாந்துச் செடிகளுக்கு ஊரிலேயே அது வறண்ட காலம், ஓய்வெடுத்துவிட்டுத்தான் பூச்சரம் விடும். அந்த ஓய்வைக் கெடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் கைலோஸ்கிஸ்டாவில் சிலசமயம் நகம் அளவு சின்ன இலை ஒன்றிரண்டு வரும், வறட்சியில் உதிர்ந்துவிடும். பயப்பட வேண்டாம், அது அதன் வழக்கம்.

உரம் என்றால் உரக்கடையில் கிடைக்கிற 19:19:19 போதும், தண்ணீரில் கரைவது. 4 லிட்டர் மழைத்தண்ணீருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை, வேர் ஏற்கெனவே நனைந்து பச்சையான பிறகு. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். மார்கழி, தையில் உரமே வேண்டாம். பஞ்சகவ்யம் அடிக்கலாமா என்று கேட்பார்கள். மண்ணில் நிற்கிற பயிருக்கு அது வேறு, இங்கே கட்டையில் பாசியும் பூஞ்சையும் பிடித்து வேரை மூடிவிடும், நான் விட்டுவிட்டேன்.

பூச்சியில் பெரிய எதிரி நத்தை. வேர் நுனியைத்தான் தேடித் தின்னும், ஒரே ராத்திரியில் ஒரு வருஷ வளர்ச்சி போய்விடும். மழை பெய்த இரவுகளில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மாவுப்பூச்சி இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுங்கள், எறும்பு ஏறுகிற கம்பியில் கிரீஸ் தடவுங்கள். அழுகிய வேரை நல்ல வெள்ளைப்பகுதி வரை வெட்டி, வெட்டுவாயில் மட்டும் சமையலறை இலவங்கப்பட்டைத் தூள் தொட்டுவிட்டு நாலு நாள் காயப்போடுங்கள். தூள் மற்ற வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும்.

பெருக்குவது

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். வேரை வெட்டி வைத்தால் வருமா? வராது. இந்தச் செடிக்கு வளரும் குருத்து நடுவில் ஒன்றே ஒன்றுதான், பொட்டு அளவில். வெட்டிய வேர் சில மாதம் பச்சையாகவே இருக்கும், ஏமாற்றும், அப்புறம் போய்விடும். இரண்டாகப் பிரிக்கவும் வழியில்லை. எப்போதாவது தாய்ச்செடியின் ஓரத்தில் குட்டிக் குருத்து ஒன்று தானாக வரும், அதை அப்படியே விட்டுவிடுங்கள், கொத்தாக வளர்வதுதான் அழகு. ஆக, பெருக்க விதை ஒன்றுதான் வழி.

விதைக்கு மகரந்தம் சேர்க்க வேண்டும். 1841-இல் ரீயூனியன் தீவில் 12 வயது அடிமைச் சிறுவன் எட்மண்ட் அல்பியஸ் ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் வெனிலாப் பூவுக்கு மகரந்தம் சேர்த்துக் காட்டினான், இன்றைக்கும் உலகமே அந்த முறையைத்தான் செய்கிறது. ஆனைமலை, பொள்ளாச்சிப் பாக்குத்தோப்புகளில் வெனிலா போட்டவர்களுக்குக் கை பழகியிருக்கும், அதே பொறுமை இங்கும் வேண்டும், பூ மட்டும் பத்தில் ஒரு பங்கு. பூ திறந்து மூன்றாம் நாள், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, பல்குத்தும் குச்சியின் நுனியால் பூவின் நடுத்தூணின் முனையில் இருக்கும் சின்ன மூடியை மெல்லத் தள்ளுங்கள். மஞ்சள் உருண்டைகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். அதை வேறொரு செடியின் பூவில், தூணுக்குக் கீழே இருக்கும் பசைபோன்ற குழியில் வையுங்கள். ஒரே செடியின் பூவுக்குள் சேர்த்தால் காய் பிடிக்காமல் போகலாம், பிடித்தாலும் கன்று வலுவாக இராது, அதனால் ஒரே இனத்தில் இரண்டு செடியாவது வைத்திருங்கள். ஒரு சரத்தில் இரண்டு காய்க்குமேல் விடாதீர்கள். இலையில்லாத செடிக்குக் காய் சுமப்பது பெரிய வேலை.

காய் வெடித்தால் உள்ளே இருப்பது விதை என்று நம்பவே முடியாது, பவுடர்தான். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒன்றிலும் சேமிப்பு உணவு கிடையாது. நெல், அவரைபோல் கூடவே சோறு கட்டிக்கொண்டு வருவதில்லை. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்று 1899-இல் பிரெஞ்சுக்காரர் நோயல் பெர்னார் கண்டுபிடித்தார், அவர் அதைக் கண்டதும் தரையில் வளரும் ஓர் இலையில்லா ஆர்க்கிட்டின் நாற்றுகளில்தான். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொடி) கூழில் முளைக்கவைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்கர் லூயிஸ் நட்சன் காட்டினார். நாம் அடுப்படியில் செய்யப்போவது அதைத்தான்.

ஒரு லிட்டர் கூழுக்குக் கணக்கு: முராஷிகி-ஸ்கூக் ஊடகப் பொடி (திசுவளர்ப்புக்கான சத்துக்கலவை) ஒரு லிட்டருக்குப் பொட்டலத்தில் சொல்லியிருப்பதில் பாதி அளவு, சர்க்கரை 20 கிராம், பொள்ளாச்சி இளநீர் வடிகட்டியது 100 மில்லி, தாவரக் கரித்தூள் 1 கிராம், அகர் 7 கிராம், மீதி ஆர்ஓ தண்ணீர். இளநீரில் செல்களைப் பிரியத் தூண்டும் சைட்டோகைனின் இருக்கிறது, பெரிய ஆய்வகங்களிலும் இதைச் சேர்க்கிறார்கள், நமக்குத் தோப்பிலேயே இருக்கிறது. முற்றாத, வழுக்கைப் பதத்துக் காயாக எடுங்கள். அகர் போடும் முன் பிஎச் தாளில் 5.6-க்கும் 5.8-க்கும் நடுவில் கொண்டுவந்துவிட்டு, அகர் கரையக் காய்ச்சி, கண்ணாடி ஜாம் பாட்டில்களில் ஐந்தில் ஒரு பங்கு ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி, பெரிய பிரஷர் குக்கரில் அடுக்குங்கள். குக்கர் விசில் வருகிற அழுத்தத்தில் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. அடுப்பைக் குறைத்து 25 நிமிடம் வையுங்கள், அடியில் தண்ணீர் வற்றாமல் முதலிலேயே போதுமானது ஊற்றிக்கொள்ளுங்கள். அழுத்தம் தானாக இறங்கிய பிறகு எடுத்து மூடியை இறுக்கி, ஐந்து நாள் சும்மா வைத்திருங்கள். பூஞ்சை கிளம்பிய பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டு மிச்சத்தில் விதையுங்கள்.

காயை வெடிக்கும் முன் அறுக்க வேண்டும். பச்சை மாறி மஞ்சள் படரும்போது பதம். வெடிக்காத காயின் உள்ளே எந்தக் கிருமியும் இல்லை, வெளித்தோலைச் சுத்தம் செய்தால் போதும், இதுதான் வீட்டில் செய்கிறவர்களுக்குப் பெரிய வரம். சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, துணி வெளுக்கும் திரவத்தில் சம அளவு தண்ணீர் கலந்து 20 நிமிடம் ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து ஆறிய தண்ணீரில் மூன்றுமுறை அலசுங்கள். அந்தத் திரவத்தை ஸ்பிரிட்டோடோ வினிகரோடோ கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். ஒரு பெரிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, கை நுழைய இரண்டு ஓட்டை போட்டு, உள்ளே ஸ்பிரிட்டால் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, அதற்குள்தான் வேலை. ஸ்பிரிட் ஆவி இருக்கும்வரை பக்கத்தில் தீ வேண்டாம். சுத்தமான பிளேடால் காயைப் பிளந்து, பவுடரைக் கூழின் மேல் மெலிதாகத் தட்டி, மூடிவிடுங்கள்.

பாட்டில்களை நேர்வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். சில வாரத்தில் வெள்ளைப் பொடி கொழுக்கும், பச்சை முத்தாகும், அதிலிருந்து இலைக்குப் பதில் வேர் நீளும். அதை முதன்முதலில் பார்த்த அன்று எங்கள் வீட்டில் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நெருக்கமானால் புதுக்கூழுக்கு மாற்றுங்கள். இவ்வளவும் முடியாது என்றால் கோவை, திருப்பூர்ப் பக்கம் ஜி9 வாழைக்கன்று செய்யும் திசுவளர்ப்புக் கூடங்களில் காயைக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள், விதைத்துக் கொடுக்கக் கூலி பேசலாம்.

வேர் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆனதும் வெளியே எடுத்து, ஒட்டிய கூழை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கழுவுங்கள், சர்க்கரை கொஞ்சம் இருந்தாலும் பூஞ்சை வந்துவிடும். விரல்கனப் புளியங்குச்சியில் ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, முதல் வாரம் மூடி கொஞ்சம் திறந்து, அடுத்த வாரம் பாதி, நாலாவது வாரம் முழுதும். எங்கே அவசரப்பட்டாலும் இங்கே படாதீர்கள், குடுவையில் பிழைத்ததில் பாதி இந்த மாதத்தில்தான் போகிறது. ஐப்பசிக் குளிர்ச்சியில் எடுத்தால் நிறையப் பிழைக்கும், சித்திரையில் எடுக்கவே வேண்டாம். பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும்.

குக்கர் இல்லாமல் ஒரு வழி உண்டு. காயில் ஒன்றை வெடிக்கவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் அந்தப் பவுடரைத் தாய்ச்செடி ஒட்டியிருக்கும் மாமரப் பட்டையிலேயே வேர் ஓரமாகத் தூவிவிடுங்கள். தாயோடு வாழும் பூஞ்சை அங்கேயே இருக்கலாம். எனக்கு முதல்முறை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை, தூவி ஒரு வருஷம் கழித்து, பட்டை வெடிப்பில் அரை அங்குலப் பச்சை வேர் மூன்று கிடைத்தது. அதைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

சீக்கிரம் பெருக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இலையில்லா வெனிலா இருக்கிறது. வெனிலா வாக்கெரியே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளில் ஏறும் கொடி, பச்சைத் தண்டுதான் இலை வேலை செய்கிறது. வளர்ப்பவரிடம் மூன்று நான்கு கணு உள்ள துண்டு வாங்கி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, அடிக்கணுவை மக்கிய இலைக்குள் வைத்து மேல்பகுதியை மரத்தில் கட்டினால் பிடித்துக்கொள்ளும். துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு சீக்கிரம் பூ.

கன்று கொடுக்கும்போது குச்சியிலிருந்து பிரித்துக் கொடுக்காதீர்கள், குச்சியோடு கொடுங்கள். தாய்ச்செடிகளின் பெயர், விதைத்த தேதி, குடுவையிலிருந்து எடுத்த மாதம் மூன்றையும் பென்சிலால் பிளாஸ்டிக் அட்டையில் எழுதிக் கட்டுங்கள், பேனா மை ஒரு மழைக்குத் தாங்காது. வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டில் எந்தக் குழாயில் உப்புத்தண்ணி வருகிறது என்று கேட்டுவிட்டு, ஒரு பாட்டில் மழைத்தண்ணீரும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.